முதல் வேலையில் சேரும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு: பெயரில் தொடங்கி உடை வரை

வேலைக்குச் சேரச் சொல்லி அழைப்பு வந்ததும் வீட்டில் முதலில் எல்லோரும் துணிக்கடைக்குத்தான் கிளம்புகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அலுவலகத்தில் உங்களைப் பற்றிய அபிப்பிராயம் நீங்கள் படியேறுவதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அனுப்பிய மின்னஞ்சல், எடுத்த தொலைபேசி, நீட்டிய கோப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் சட்டையைப் பார்க்கிறார்கள்.

நான் வேலையில் சேர்ந்தபோது எல்லாச் சான்றிதழும் கையில் இருந்தன. ஆனால் ஆதார் பதிவு செய்த மையத்தில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தார்கள். அந்த ஓர் எழுத்தால் சேரும் தேதி தள்ளிப்போனது, வங்கிக் கணக்கு முடங்கியது, வருங்கால வைப்பு நிதி எண் வாங்க அலைந்து தீர்த்தேன். இப்போது நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில், புதிதாகச் சேருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன். மார்த்தாண்டம், கருங்கல், பூதப்பாண்டி, குளச்சல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத காரணத்தால் ஒரே மாதிரியான இடங்களில் தடுக்கி நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. பெயரை எல்லா ஆவணத்திலும் ஒன்றாக்குங்கள்

இறுதியாண்டுப் படிப்பு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. நம் பக்கம் இன்ஷியல் வழக்கம் இருப்பதால் சிக்கலும் இங்கேதான் அதிகம். பத்தாம் வகுப்பில் ‘அஜின் எஸ்’, ஆதாரில் ‘எஸ். அஜின்’, பான் அட்டையில் ‘அஜின் செல்வராஜ்’ என்று இருந்தால் நமக்கு மூவரும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எழுத்துக்கூட்டலும் பிறந்த தேதியும்தான் மற்றவற்றுக்கு அளவுகோல். அடுத்து ஆதார், அதற்கடுத்து பான், கடைசியில் வங்கிக் கணக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். காரணம் இருக்கிறது. வருமான வரித்துறையின் இணையதளத்தில் ஆதாரைக் கொண்டு உடனடி மின் பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரில் பிழை இருந்தால் அந்தப் பிழை பானிலும் ஏறிவிடும். பிறகு இரண்டையும் திருத்த வேண்டும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஆகவே மையத்தில் அவசரப்படாதீர்கள். பதிவு செய்பவர் தட்டச்சு செய்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்பட வேண்டாம். பெயர், முகவரி போன்ற விவரங்களைத் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திருத்தம் ஏறச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். எந்தெந்தச் சான்றை ஏற்பார்கள் என்ற பட்டியல் ஆதார் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம்.

பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் இன்ஷியலை மட்டும் போட முடியாது. அப்பா பெயரை முழுமையாக எழுத வேண்டிவரும். ஆதாரிலும் முன்பே இன்ஷியலை விரித்து எழுதி வைத்திருந்தால் இரண்டும் பொருந்திவிடும். புதிய அட்டை வீட்டு முகவரிக்கு வர 107 ரூபாய் ஆகிறது. இடைத்தரகர்கள் இதற்கே ஐநூறு கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

கையெழுத்தும் இப்படித்தான். பான் அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று போட்டவர்கள் முதல் சம்பளத்தை எடுக்கப் போகும்போதுதான் தவிப்பார்கள். ஒரு கையெழுத்தை முடிவு செய்து அதையே எங்கும் போடுங்கள்.

2. ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

பிளாஸ்டிக் உறைகள் கொண்ட சாதாரணக் கோப்பு போதும். அதில் வைக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், கல்லூரியின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். ஒவ்வொன்றிலும் மூன்று நகல். நகலின் கீழ்ப்பகுதியில் நீங்களே கையெழுத்திட்டுத் தேதி போட்டு வைத்துவிடுங்கள்.

பட்டமளிப்பு விழா நடந்து பட்டச் சான்றிதழ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, தற்காலிகச் சான்றிதழே போதும். ஆனால் அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். தேடி வந்து தரமாட்டார்கள். பள்ளி மதிப்பெண் சான்றிதழ்களை, ஆவணங்களைக் கைபேசியில் வைத்துக்கொள்ள உதவும் அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் ஏற்றி வையுங்கள். சேரும் நாளில் கொட்டும் மழையில் கோப்பு நனைந்துவிட்டால் கைபேசியே கைகொடுக்கும்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான எச்சரிக்கை. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ‘இரண்டு வருடம் இருப்பாய் என்பதற்கு உத்தரவாதம்’ என்று கேட்டு வாங்கி, அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளும் இடங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. நல்ல வேலை வேறெங்கோ கிடைக்கும்போது, அந்தக் காகிதங்களுக்காகப் பிள்ளைகள் கெஞ்சி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலோடு வெளியே வாருங்கள். ‘அப்பா பெட்டகத்தில் வைத்திருக்கிறார் சார், சரிபார்க்கும்போது எடுத்து வருகிறேன்’ என்று பணிவாகச் சொல்லலாம். தவிர்க்கவே முடியாமல் கொடுக்க நேர்ந்தால், ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் எழுதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

வேலைக்கு முன்பணம், சீருடைக்கு முன்பணம், பயிற்சிக்கு முன்பணம் என்று கேட்கும் இடங்களுக்கு அடுத்த அழைப்பிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோணத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுக்கும் வழிகாட்டுதலுக்கும் கட்டணம் கிடையாது. அங்கே ஒருமுறை போய்வருவது, ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் ‘ஆளுமை வளர்ச்சி’ வகுப்புகளைவிடப் பயன் தரும்.

3. மின்னஞ்சலும் கைபேசியும்

செலவில்லாத படி இது. ஒரு மாலையில் முடித்துவிடலாம். பெயரும் இன்ஷியலும் மட்டும் கொண்ட மின்னஞ்சல் முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். நடிகர் பெயரும் செல்லப் பெயரும் கொண்ட பழைய முகவரி நண்பர்களுக்கு இருக்கட்டும். வாட்ஸ்அப் படத்தில் உங்கள் முகம் தெளிவாகத் தெரியட்டும். நம் ஊர் நிறுவனங்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் தொடர்பு கொள்கின்றன, ஆகவே படத்தையும் நிலைப்பதிவையும் கட்டாயம் பார்ப்பார்கள்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ‘ஆரு?’ என்று தொடங்காமல், ‘வணக்கம், அஜின் பேசுகிறேன்’ என்று எடுங்கள். பஸ்ஸில் இருந்தால், ‘பயணத்தில் இருக்கிறேன் சார், அரை மணி நேரத்தில் அழைக்கலாமா?’ என்று கேட்டு, சொன்ன நேரத்தில் அழையுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே சிலரை மறுபடி கூப்பிட்டுப் பேசியிருக்கிறோம்.

4. உடை: குறைவாக வாங்குங்கள், பொருத்தமாக வாங்குங்கள்

வாங்குவதற்கு முன் அந்த அலுவலகத்தை ஒருமுறை வெளியிலிருந்து பாருங்கள். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும். தனியார் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியைகளுக்குப் புடவை கட்டாயம். மருத்துவமனை வரவேற்பில் சீருடை தருவார்கள், அங்கே செருப்புக்கும் தலைமுடிக்கும்தான் கவனம் தேவை. நிதி நிறுவனங்களில் முழுக்கைச் சட்டையை எதிர்பார்ப்பார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டி-ஷர்ட் அணிந்தும் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது.

ஆண்களுக்கு நான்கு சட்டை, இரண்டு கால்சட்டை போதும். கருநீலம் ஒன்று, சாம்பல் ஒன்று எடுத்தால் எந்தச் சட்டையோடும் போகும். பெண்களுக்கு நான்கு சுடிதார் அல்லது மூன்று புடவையும் இரண்டு சுடிதாரும். தோள்பட்டைத் தையல் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும், கைக்குக் கீழே சரிந்து இறங்கக்கூடாது. விலை உயர்ந்த சட்டையைத் தொளதொளவென்று போடுவதைவிட, சாதாரணச் சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடித்துப் போடுவது எடுப்பாக இருக்கும். அதற்கு ஐம்பதோ நூறோதான் ஆகும். கைத்தறி விருப்பம் என்றால் தீபாவளி நேரம்வரை பொறுத்திருங்கள், கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும்.

காலணியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மலிவான ரெக்சின் ஷூ முதல் மழைக்கே வாய் பிளக்கும்.

முகத்தை வெளுப்பாக்கும் களிம்புக்கும் அழகு நிலையச் சலுகைத் தொகுப்புக்கும் ஒரு பைசா செலவழிக்காதீர்கள். நம் நிறம் நம் வெயிலும் கடலும் தந்தது. எந்த வேலைக்கும் அது தடையாக இருக்கக்கூடாது. அதேபோல நெற்றியில் திருநீறோ சந்தனமோ, கழுத்தில் சிலுவையோ, தலையில் முக்காடோ இருப்பதைத் தோற்றக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சுத்தமாக, திருத்தமாக இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. தோவாளைப் பூ வைத்துக்கொள்ளவும் தயங்க வேண்டாம், மாலையில் வாடியதும் எடுத்துவிடுங்கள்.

5. மழையும் வியர்வையும் தேங்காயெண்ணெயும்

வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது. நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஆண்டில் பாதிக்கு மேல் துணி சரியாகக் காயாது. சட்டை பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பக்கத்தில் போனால் ஈர வாடை அடிக்கும். போட்டிருப்பவருக்கு அது தெரியாது, பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும்.

துவைத்த துணியை வாளியில் போட்டு வைக்காமல் உடனே உதறி, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, மின்விசிறிக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கவிடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கழுத்துப் பட்டையின் மடிப்பையும் அக்குளையும் இரண்டு முறை தேய்த்து, சூடு ஆறிய பிறகே அலமாரியில் வையுங்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை மழை நாளில் பத்து மணிக்கே துவண்டுவிடும். அந்த மாதங்களுக்குக் கலப்பு நூல் புடவை ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன். ஆனால் இரவில் வைத்துக் காலையில் குளித்துவிடுங்கள். காலையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினால், எண்ணெயும் வியர்வையும் பட்டை வழியாக இறங்கிக் கழுத்துப் பட்டையில் பழுப்புக் கோடு போடும். அந்தக் கோடு சாதாரணத் துவைப்பில் போகாது. துவைப்பதற்கு முன் அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் மழைக்கோட்டோடு ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டு, ஷூவையும் காலுறையையும் பையில் எடுத்துப்போய் அங்கே மாற்றுங்கள். மேசை இழுப்பறையில் ஒரு கைத்துண்டு, சீப்பு, ஒரு ஜோடிக் காலுறை, புடவை கட்டுகிறவர்களுக்கு ஊக்குகள். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கும்.

6. நேரத்துக்குப் போய்ச் சேருவது

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு முப்பது கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள். தக்கலையில் ஒரு லாரி நின்றுபோனால் கணக்கெல்லாம் தவிடுபொடி. சேரும் நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒரு வேலை நாளில், அதே நேரத்தில், அதே பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்ப்பதில் பயனில்லை. வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. ஆனால் எல்லா வண்டியும் அந்த வகையல்ல என்பதால் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போகிறவர்கள் மாதச் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், தினமும் வரிசையில் நிற்கும் நேரமும் பணமும் மிச்சமாகும்.

7. பேச்சு

நம் பேச்சில் இருக்கும் இழுப்பை மறைக்க முயலாதீர்கள். சென்னைக்காரர் மாதிரி பேச முயன்று பாதியில் தடுமாறுவதைவிட, நம் தமிழையே நிதானமாக, வாக்கியத்தை முடித்துப் பேசுவது எடுபடும். ஆனால் தண்ணீரைக் குறித்து ‘வெள்ளம் வேணுமா?’ என்று கேட்டால் வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர் திகைப்பார். அப்படிப்பட்ட சில சொற்களை மட்டும் ஆள் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வரும் வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை மலையாளம் பேசத் தெரிந்திருப்பது நம் மாவட்டத்துக்கே உள்ள பலம். விண்ணப்பத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

மூத்தவர்களை முதலில் ‘சார்’, ‘மேடம்’ என்றே அழையுங்கள். அவர்களே ‘அக்கான்னு கூப்பிடு’ என்று சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளலாம். காவலாளி, துப்புரவுப் பணியாளர், தேநீர் கொண்டுவருகிறவர் எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். மேலாளரிடம் காட்டும் பணிவைவிட இதைத்தான் மற்றவர்கள் கவனிக்கிறார்கள்.

8. உள்ளூர் விடுமுறை என்ற பொறி

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு கொடை, ஓணம், குமரி தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1 என்று நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. பள்ளி நாட்களில் பழகிய நினைப்பில் அன்று வேலைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். வங்கிகளுக்கு அது பொருந்தாது, தனியார் நிறுவனங்கள் தாங்களே முடிவு செய்யும். சேர்ந்த வாரத்திலேயே விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். குடும்பத் திருவிழாவுக்கு விடுப்பு வேண்டுமென்றால் பத்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவதை விடுப்பு விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

9. முதல் சம்பளம்

மாதத்தின் நடுவில் சேர்ந்தால் சில இடங்களில் அந்த நாட்களின் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். ஆகவே ஒன்றரை மாதப் பயணச் செலவையும் மதியச் சாப்பாட்டுச் செலவையும் முன்பே ஒதுக்கி வையுங்கள். துணிக்கடையில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு முதல் மாதமே சக ஊழியரிடம் கைமாற்றுக் கேட்பது உங்கள் பெயருக்கு நல்லதல்ல.

சொன்ன சம்பளம் அப்படியே கைக்கு வராது. 12,000 ரூபாய் முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். மீதி 10,470. வைப்பு நிதிக்குப் பிடிப்பது உங்கள் பணம்தான், இரண்டுக்கும் நிறுவனமும் தன் பங்கைக் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பு எங்காவது வேலை பார்த்து வைப்பு நிதி எண் இருந்தால் அதையே கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க விடாதீர்கள். இரண்டு எண்களை ஒன்றாக்குவது பெயர் திருத்துவதைவிடப் பெரிய தலைவலி.

10. விட்டுப் போகும்போது

முதல் வேலையிலேயே யாரும் ஓய்வு பெறுவதில்லை. போகும்போது நியமன ஆணையில் சொன்ன நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, கையிலிருக்கும் வேலையை அடுத்தவருக்கு எழுதி வைத்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள். விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வந்ததும் மேசையை விட்டு நகராமல் பெயர், எழுத்துக்கூட்டல், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், முத்திரை எல்லாவற்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்தித் தருவார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், கையெழுத்திட்ட அதிகாரி மாறியிருப்பார்.